கடைசிச் சுவிட்ச் யார் கையில்?

கொங்கு நாட்டில் எட்ட இருந்தபடியே கரண்டைத் தட்டிவிடும் பழக்கம் வீட்டுக் கூடத்தில் தொடங்கவில்லை; கிணற்று மேட்டில் தொடங்கியது. கோவையின் சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் அடுக்குமாடி வீடுகளில் கைப்பேசியைத் தொட்டு விளக்கை எரியவிடுவது இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. பல்லடம், பொங்கலூர், காங்கயம், கோபி பக்கத்துத் தோட்டங்களிலோ, விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தொலைவில் இருக்கும் மோட்டாரை ஒரே போன் அழைப்பில் ஓடவிடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

மொபைல் ஸ்டார்ட்டர் என்று அதைச் சொல்கிறார்கள். அது ஏன் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உழவுக்கான மும்முனை மின்சாரம் நெடுங்காலம் முறை வைத்தே வந்தது. பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். இரவு முறை வந்தால் நடுச்சாமத்தில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியன் இரை தேடும் நேரம் அது. மழைநாளில் ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. போய்ச் சேர்ந்த பிறகு ஒரு ஃபேஸ் வரவில்லை என்று தெரிந்து, வந்த வழியே திரும்பியவர்களும் உண்டு. இந்தத் துன்பத்துக்கு மாற்றாகத்தான் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. அதற்கு போன் செய்து ஓர் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். இன்னோர் எண்ணை அழுத்தினால் நிற்கும். மூன்று ஃபேஸும் வந்துவிட்டால் அதுவே கூப்பிட்டுச் சொல்லும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் கருகாமல் நிறுத்திவிடும். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ இவ்வகைக் கருவிகளில் நாடறிந்த முன்னோடி. தமிழக அரசின் வேளாண் பொறியியல் துறை இப்போது இதற்கு மானியம் தருகிறது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்குப் பாதி விலை, உச்சவரம்பு 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்பு 5,000 ரூபாய்.

இந்தப் பெட்டியிடம் மூன்று நல்ல குணங்கள் உண்டு. முதலாவது, அது ஓர் உண்மையான தேவைக்குப் பிறந்தது. இரண்டாவது, ஸ்டார்ட்டரில் இருந்த பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் அது பிடுங்கவில்லை. டவர் கிடைக்காத நாளில் நடந்து போய் அமுக்கினால் மோட்டார் ஓடும். விவசாயி ஊரில் இல்லையென்றால் வீட்டுப் பெண்ணோ, பண்ணையத்துக்கு வரும் ஆளோ அமுக்கலாம். மூன்றாவது, அந்தச் சாதாரண சிம் பெட்டிக்கும் விவசாயிக்கும் நடுவில், போன் கம்பெனியைத் தவிர வேறு யாரும் இல்லை. தயாரித்த கம்பெனி நாளை மூடப்பட்டாலும் பெட்டி வேலை செய்யும். தேவை, கைச் சுவிட்ச், சொந்த ஆளுகை என்ற இந்த மூன்றையும் அளவுகோலாகக் கொண்டுதான் வீட்டுக்குள் வரும், கைப்பேசிக்குக் கட்டுப்படும் வயரில்லா விளக்கை நாம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு பல்புதானே என்று கேட்கலாம். கரண்டு இந்த மண்ணுக்குச் சும்மா வந்ததல்ல. நீலகிரியின் பைக்காராவில் 1932-இல் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. அந்தக் கம்பி கோவைக்கு இறங்கிய பிறகே நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. வானம் பார்த்த பூமியில் ஆழக் கிணறு தோண்டியவர்களுக்கு ஏற்றத்துக்கும் மாடு பூட்டி இறைக்கும் கவலைக்கும் பதிலாக மோட்டார் கிடைத்தது. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். பம்புசெட்டு என்றாலே கோவை என்று நாடு சொல்லும் நிலை அந்த வழியில் வந்தது.

அந்தக் கரண்டின் விலை ஏறியபோது இந்த மண் சும்மா இருக்கவில்லை. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மூவர் இறந்தார்கள். 1972-இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை நிறைத்து நின்றன. 1990-இல் எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் வந்தது. பின்னால் 2008-இல் தொடங்கிய மின்வெட்டு, 2012-இல் நாளில் பாதிக்கும் மேல் கரண்டு இல்லாத நிலைக்குக் கொண்டுபோனது. பட்டறைகளும் விசைத்தறிகளும் நின்றன, ஆர்டர்கள் கைநழுவின. கரண்டு யார் கையில் இருக்கிறது, எப்போது வரும், யார் நிறுத்துகிறார்கள் என்ற கேள்விகளுக்கு உயிரும் கொடுத்த ஊர் இது. அதே கேள்வியை வீட்டு விளக்குக்கு மட்டும் கேட்காமல் விடுவது சரியல்ல.

வயரில்லா விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண எல்இடி பல்புக்குள் ஒரு சிறு ரேடியோவும் ஒரு சிப்பும் வைத்திருக்கிறார்கள். பிலிப்ஸ் ஹியூ 2012-இல் வந்தபோது அந்த ரேடியோ ஜிக்பீ என்ற முறையில் பேசியது. அதற்குத் தனியாக ஒரு நடுவண் பெட்டி வேண்டும். இன்று நம் ஊர்க் கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை நேரே வைஃபையில் சேர்பவை. பல்பை மாட்டி, சுவிட்சை மூன்று முறை போட்டு நிறுத்தினால் அது சிமிட்டத் தொடங்கும். கைப்பேசியில் கம்பெனியின் செயலியை இறக்கி, மின்னஞ்சலோ போன் எண்ணோ கொடுத்துக் கணக்குத் தொடங்கி, இருப்பிடத்தைக் காண அனுமதித்து, வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பல்பு இணையத்தோடு சேரும். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சில பல்புகள் சேர மறுக்கும். காரணம் தெரியாமல் பலர் பல்பைக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். ரூட்டரை மாற்றி, வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் மாறினால், ஒவ்வொரு பல்பையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

சேர்த்த பிறகு நடப்பதுதான் முக்கியம். கைப்பேசியில் தொட்டால் எரிய வேண்டுமானால், சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். யாராவது அதை நிறுத்திவிட்டால் பல்புக்குள் இருக்கும் ரேடியோவுக்கும் கரண்டு போய்விடும். அதன் பிறகு உலகின் எந்த மூலையிலிருந்து தொட்டாலும் எரியாது. ஆகவே வீட்டில் ஒரு புதுச் சட்டம் பிறக்கிறது: சுவிட்சைத் தொடாதே. சிலர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள்.

இந்தச் சட்டம் வீட்டில் யாரைத் தாக்குகிறது? செயலி வைத்திருப்பவரை அல்ல. அறுபது வருடமாக வெளியே போகும்போது லைட்டை நிறுத்திவிட்டுப் போகும் ஆத்தாவைத் தாக்குகிறது. தேவையில்லாமல் எரியும் விளக்கை நிறுத்துவது, அந்தத் தலைமுறை நமக்குக் கற்றுக்கொடுத்த ஒழுக்கங்களில் ஒன்று. அதையே குற்றமாக்கி, “ஏனுங்காத்தா, அதத் தொடாதீங்கன்னு எத்தனவாட்டி சொல்றது?” என்று பேரன் கடிந்துகொள்கிறான். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் செயலி இல்லை. நோம்பிக்கு வந்து தங்கும் சொந்தக்காரர்களிடம் இல்லை. இரவில் தண்ணீர் குடிக்க எழும் குழந்தையிடம் இல்லை. வாயால் சொன்னால் எரியும் என்பார்கள். சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்தச் சுவர்களுக்குள் இதுவரை எல்லோருக்கும் சமமாக இருந்த ஒரு பொருள், போன் வைத்திருப்பவருக்கும் கடவுச்சொல் தெரிந்தவருக்கும் மட்டும் உரியதாகிறது.

இது வசதிக் குறைவோடு நிற்கும் விஷயமும் அல்ல. அமெரிக்காவில் இத்தகைய விளக்குகள், பூட்டுகள், கேமராக்களைக் கொண்டு வீட்டிலிருக்கும் பெண்களை மிரட்டிய ஆண்களைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 2018-இல் விரிவாக எழுதியது. கருவிகளை மாட்டியவரும் கடவுச்சொல்லை வைத்திருந்தவரும் ஆண். வீட்டுக்குள் அவற்றோடு வாழ்ந்தவள் பெண். நம் வீடுகளிலும் செயலியின் கணக்கு பெரும்பாலும் கணவன் பெயரிலோ மகன் பெயரிலோதான் இருக்கிறது. தான் படுத்திருக்கும் அறையின் வெளிச்சத்தை வேறொருவர் வெளியூரிலிருந்து போடவும் நிறுத்தவும் முடியும் என்ற நிலையை எந்த மனிதரும் தன் ஒப்புதல் இல்லாமல் ஏற்க வேண்டியதில்லை.

அடுத்தது, அந்தப் பல்புக்கும் நமக்கும் நடுவில் நிற்பவர்கள். கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தொடும்போது, பல வகைப் பல்புகளில் அந்தக் கட்டளை நேராகப் பத்தடி தள்ளியிருக்கும் பல்புக்குப் போவதில்லை. இணையத்தின் வழியே கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. அந்த சர்வர் வேறு நாட்டில் இருக்கலாம். 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் சர்வர் தொகுதி ஒன்று பல மணி நேரம் முடங்கியபோது, அமெரிக்காவில் அதை நம்பியிருந்த வீட்டுக் கருவிகளும் சேர்ந்து முடங்கின. ரிவால்வ் என்ற நடுவண் பெட்டியை, கூகுளின் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதத்தில் அடியோடு நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் அது வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. பல்பு நல்ல நிலையில் இருந்தது, வயர் நல்ல நிலையில் இருந்தது, கரண்டும் இருந்தது. யாரோ ஒருவர் கணக்கை மூடியதால் செயலிக்கு வீடு கட்டுப்படவில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-இல் அடி ஷமீர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஹியூ பல்புகளைப் பறக்கும் ட்ரோனிலிருந்தே கைப்பற்ற முடியும் என்று செய்து காட்டினார்கள். ஒரு பல்பிலிருந்து பக்கத்துப் பல்புக்கு நோய்போல அது பரவ முடியும் என்பதையும் விளக்கினார்கள். கம்பெனி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் எந்தப் பெயருமில்லாத மலிவான பல்புக்கு இப்படி ஓட்டை அடைக்கும் மென்பொருளை யார் அனுப்பப்போகிறார்கள்? எந்த அறையில் எத்தனை மணிக்கு விளக்கு நின்றது, எத்தனை மணிக்கு எரிந்தது என்ற பதிவு, வீட்டார் எப்போது தூங்குகிறார்கள், எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். அது யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது சின்ன விஷயமல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த விளக்குக்கு வீட்டில் இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மொபைல் ஸ்டார்ட்டர் தேவைக்குப் பிறந்ததுபோல, வீட்டிலும் மெய்யான தேவைகள் உண்டு. பக்கவாதத்தில் படுத்தவர், எழுந்து சுவிட்சுக்குப் போக மற்றொருவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. தலைமாட்டில் ஒரு ரிமோட் இருந்தால் அவருக்கு அது சுதந்திரம். இரவில் கழிப்பறைக்குப் போகும் முதியவர் இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதை, ஆள் அசைவைக் கண்டு தானே எரியும் ஒரு சிறு விளக்கு தடுக்கும்.

எல்லாவற்றிலும் கனமான தேவை தோட்டத்து வீடுகளில் இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி அதேபோல் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு கொங்கு நாட்டில் தனித்த தோட்டங்களில் வாழும் பெற்றோரை நினைத்து பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் தூக்கம் இழந்தார்கள். வாசலிலும் களத்திலும் கேமராவும், எட்ட இருந்து எரியவிடும் விளக்குகளும் மாட்டுவது அதன் பிறகு பெருகியதில் வியப்பில்லை. நள்ளிரவில் நாய் குரைத்தால், கதவைத் திறக்காமல், கட்டிலில் இருந்தபடியே களத்து விளக்குகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் எரியவிட முடிவது பெரிய பாதுகாப்பு. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த விளக்கு இணையத்தை நம்பியிருந்தால், இணையக் கம்பி அறுபட்ட இரவில் பிள்ளையின் போனும் பயன்படாது, அப்பாவின் போனும் பயன்படாது. ஆகவே அந்த வீட்டில் கட்டில் ஓரத்திலேயே வயர் இழுத்த ஒரு சுவிட்ச் இருந்தாக வேண்டும். பக்கத்துத் தோட்டத்தாரின் எண்ணும் அவரோடு பேச்சுவார்த்தையும் இருந்தாக வேண்டும். எந்த விளக்கும் பக்கத்துத் தோட்டத்து மனிதருக்கு ஈடாகாது.

கரண்டுக் கணக்கும் பார்க்க வேண்டியதே. 60 வாட் குண்டு பல்பின் வேலையை இன்று 9 வாட் எல்இடி செய்கிறது; அது பெரிய சேமிப்பு. வயரில்லா பல்போ நிறுத்தி வைத்திருக்கும்போதும் கட்டளைக்குக் காத்திருக்கிறது. காத்திருக்கக் கரண்டு எடுக்கிறது. அரை வாட் என்று வைத்தால் வருடத்துக்கு 4.38 யூனிட். தினம் ஒரு மணி நேரம் எரியும் சாமான் அறை விளக்கு, எரிவதற்கு வருடம் 3.3 யூனிட்தான் எடுக்கும். எரிவதைவிடக் காத்திருப்பதற்கு அதிகம் செலவாகிறது. இப்படிப் பன்னிரண்டு பல்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒன்பது யூனிட் அளவுக்கு வெளிச்சமில்லாமலே போகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை எண்ணிச் செலவிடும் வீட்டில் இது கணக்கில் வரும். எல்லா அறைக்கும் மாட்ட வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிறு விஷயம், தூக்கத்தைப் பற்றியது. நிறுத்தி வைத்த பல வயரில்லா பல்புகள், போன கரண்டு திரும்பி வந்ததும் தாமாகவே முழு வெளிச்சத்தில் எரியும். விடியற்காலை இரண்டு மணிக்குக் கரண்டு போய் வந்தால் படுக்கையறை பட்டப்பகலாகும். கரண்டு வந்ததும் பழைய நிலையிலேயே இரு என்று செயலியில் மாற்றி வைக்க வழி இருக்கிறது. மாட்டிக் கொடுப்பவர் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டு நிற்கும் ஊரில் முதலில் செய்ய வேண்டிய அமைப்பு அதுதான்.

தேவை இருப்பவர்கள் வாங்கட்டும். பல்பை வாங்குவதைவிட, சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் மாட்டும் சிறு பெட்டியை வாங்குவது நல்லது. அது கைப்பேசிக்கும் கட்டுப்படும், சுவரில் இருக்கும் பழைய சுவிட்சுக்கும் கட்டுப்படும். நான்கு சுவிட்சுக்கு ஒரு பெட்டி போதும். அறையில் பழைய டியூப்லைட்டும் சாதாரண எல்இடியும் அப்படியே இருக்கலாம். அதற்கு நியூட்ரல் வயர் வேண்டும். நம் வீட்டு போர்டுகளில் பிளக் பாயிண்டும் சேர்ந்தே இருப்பதால் பெரும்பாலும் அது அங்கேயே கிடைக்கும். மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கொண்டு மாட்ட வேண்டும். படுக்கையிலிருப்பவருக்கு, இணையமே தேவைப்படாத சாதாரண ரிமோட் சுவிட்ச் போதும். கோவை காந்திபுரத்துக் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். இணையத்தோடு சேர்வதே வேண்டுமென்றால், வீட்டுக்குள்ளேயே கட்டளையை முடித்துக்கொள்ளும் வகையைத் தேடுங்கள். 2022-இல் பல கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த மேட்டர் என்ற பொதுமுறை அந்தத் திசையில் ஒரு நல்ல அடி.

கடைக்குப் போகும்போது நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இணையம் இல்லாத நாளில் இது எரியுமா? போன் இல்லாதவர் இதை எரியவிட முடியுமா? கம்பெனி மூடினால் இது என்ன ஆகும்? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்ல முடியாத பொருளை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால், சுவிட்சின் மேல் ஒட்டிய டேப்பை இன்றே எடுத்துவிடுங்கள். நம் வீட்டு விளக்கைப் போடவும் நிறுத்தவும் அந்த வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு; அந்த உரிமையை எந்தக் கருவிக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.